மரச்சீனி, அக்கானி, தேங்காய் எண்ணெய்: உயிர் மூலக்கூறுகளை வீட்டுப் பொருட்களில் சோதித்துப் பார்க்கும் முறை

மரச்சீனித் (மரவள்ளிக் கிழங்கு) துண்டு ஒன்றையும் கொஞ்சம் பஞ்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கிழங்கு நொடியில் கருநீலமாகும். பஞ்சில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளால் கோக்கப்பட்டவை. கண்ணியோடு கண்ணி சேரும் பிணைப்பின் திசைதான் வேறு. மரச்சீனியின் மாவுச்சத்தில் அது ஆல்ஃபா பிணைப்பு. அதனால் சங்கிலி சுருள் படிக்கட்டு மாதிரி வளைந்துகொண்டே போகும். ஆறு குளுக்கோஸுக்கு ஒரு சுற்று. அந்தச் சுருளின் குழலுக்குள் அயோடின் வரிசையாகப் போய் அமரும்போது நீலம் பிறக்கிறது. பஞ்சின் செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலி நேராக நீளும், அயோடினுக்கு உள்ளே இடம் கிடையாது. தேங்காய்க் கதம்பையிலும் (மட்டை நார்) இதே நேர்ச்சங்கிலிதான், நாரை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருளோடு இறுகிப்போய்க் கிடக்கிறது.

கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று நான்கு பெயரை மனப்பாடம் செய்யும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இந்தக் குறிப்பு. எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் திரவம் எந்தப் பிணைப்பைத் தேடுகிறது? பதில் தெரிந்தால், சோதனை எங்கே பிழைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து சோதனைக் குழாய்கள், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சுகள், சொட்டுக்குழல், வெப்பமானி, ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டு, வடிகட்ட வெள்ளைத் துணி. மருந்துக் கடையில் 5 சதவீத போவிடோன் அயோடின் திரவம் வாங்குங்கள், களிம்பு ஆகாது. அதில் 1 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் சேர்த்து, கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் கெட்டியாக இருந்தால் அயோடினின் சொந்த நிறமே கண்ணை ஏமாற்றும்.

சர்க்கரைச் சோதனைக்கான பெனடிக்ட் கரைசலை ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் ஆயத்தமாகவே வாங்கலாம். பள்ளியில் தயாரிப்பதானால் 100 மில்லிக்கு சோடியம் சிட்ரேட் 17.3 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 10 கிராம், காப்பர் சல்பேட் 1.73 கிராம். முதல் இரண்டையும் 80 மில்லி வெந்நீரில் கரையுங்கள். காப்பர் சல்பேட்டைத் தனியாக 10 மில்லி தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள். பிறகு 100 மில்லிக்கு நிரப்புங்கள். வரிசையை மாற்றினால் காப்பர் கார்பனேட் கலங்கலாகப் பிரிந்துவிடும். காப்பரைக் கரைசலிலேயே பிடித்து வைப்பது சிட்ரேட்தான்.

எந்தச் சோதனை செய்தாலும் பொருளுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயும் கூடவே போகட்டும். அது இல்லாமல் எடுத்த முடிவை நம்ப வேண்டாம்.

மரச்சீனியிலிருந்து மாவுச்சத்து எடுப்பது

கால் கிலோ மரச்சீனியைத் தோலும் உள்தோலும் நீக்கித் துருவுங்கள். துருவலைத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிழியுங்கள். பால் போல இறங்கும் தண்ணீரை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னும் இரண்டு முறை இதையே செய்து வெயிலில் உலர்த்துங்கள்.

கொட்டும் தண்ணீரை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் ஊற்றக்கூடாது. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. ஒரு குளுக்கோஸோடு சயனைடு தொகுதி கட்டிப்போட்ட மூலக்கூறு அது. அதை வெட்டும் லினமாரேஸ் நொதி செல்சுவரில் இருக்கிறது, லினமாரின் செல்லுக்குள் இருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. துருவும்போதும் ஆடு இலையை மெல்லும்போதும் சந்திக்கின்றன. கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. மரச்சீனி இலை தின்ற ஆடு சுருண்டு விழுவதற்குக் காரணம் இதுதான். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி என்பதால் திறந்த பாத்திரத்தில் எளிதாகப் பறந்துபோகும். ஆனால் கிழங்கைப் பெரிய துண்டுகளாகக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், வெட்டப்படாத லினமாரின் உள்ளேயே தங்கும். அது தண்ணீரில் கரையும். அதனால்தான் நம் வீடுகளில் சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். கசப்புக் கிழங்கானால் இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவது சரியான வழக்கம். தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

உமிழ்நீர் மாவுச்சத்தை வெட்டுவதைப் பார்ப்பது

இந்தக் குறிப்பில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். நொதி, பிணைப்பு, வெப்பம், அமிலம் எல்லாம் ஒரே டைல்ஸ் துண்டின்மேல் தெரியும்.

ஒரு கிராம் மாவை 10 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 90 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, கிளறிக்கொண்டே அதில் ஊற்றுங்கள். பால்வெள்ளை மறைந்து கண்ணாடி போலத் தெளிந்தால் மாவு மணிகள் நீரை உறிஞ்சி வெடித்துவிட்டன என்று அர்த்தம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள் மிஞ்சும், நொதி அவற்றுக்குள் போகாது. நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு அயோடின் விட்டால் சுருள் குலைந்திருப்பதால் நீலம் வராது. அதே குழாய் ஆறியதும் நீலமாகும். இதையே ஒரு தனிச் சோதனையாகவும் காட்டலாம்.

வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, ஐந்து நிமிடம் பொறுத்து, 2 மில்லி உமிழ்நீர் எடுத்து 8 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாள வேண்டும். டைல்ஸில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயில் 5 மில்லி மாவுக் கரைசலும் 1 மில்லி உமிழ்நீர்க் கரைசலும் சேர்த்து, 37 டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அடுத்தடுத்த அயோடின் சொட்டில் விடுங்கள்.

முதல் சொட்டு கருநீலம். பிறகு ஊதா. பிறகு செம்பழுப்பு. கடைசியில் அயோடினின் நிறமே மிஞ்சும். அமைலேஸ் நொதி சங்கிலியை நடுநடுவே வெட்டுவதால் சுருள் குட்டையாகிக்கொண்டே வருகிறது. சுருளின் நீளத்துக்குத் தக்கபடி நிறம் மாறுகிறது. நிறம் முழுக்கப் போன பிறகு அதே குழாயில் பெனடிக்ட் சோதனை செய்தால் செங்கல் நிறம் வரும். வெட்டுப்பட்டு வந்த, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸுக்கு ஒரு முனை திறந்திருப்பதே காரணம்.

முதல் நிமிடத்திலேயே நீலம் போய்விட்டால் உமிழ்நீரை இன்னும் ஐந்து மடங்கு நீர்க்கவையுங்கள். பதினைந்து நிமிடமாகியும் அசையவில்லையென்றால் உமிழ்நீர் மிகவும் நீர்த்திருக்கலாம், அல்லது தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் சுட்டிருக்கலாம். இன்னும் இரண்டு குழாய்கள் கூட வையுங்கள்: ஒன்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்த உமிழ்நீர், இன்னொன்றில் சாதாரண உமிழ்நீரோடு ஐந்து சொட்டு கெட்டியான புளித்தண்ணீர். இரண்டிலும் நீலம் அப்படியே நிற்கும். கொதித்ததில் நொதியின் மடிப்பு நிரந்தரமாகக் குலைந்துவிட்டது. புளியில் பி.எச். (அமில-கார அளவு) நொதிக்கு உகந்த 6.8-க்கு மிகவும் கீழே போய்விட்டது.

ஏத்தன்காயில் (நேந்திரங்காய்) இதே வேலையைக் காயே செய்துகொள்கிறது. ஒரே சீப்பில் ஒரு காயை இன்றும், பாதி பழுத்ததை மூன்று நாள் கழித்தும், தோல் கறுத்ததை அதற்குப் பிறகும் குறுக்கே வெட்டி அயோடின் விடுங்கள். கருநீலம் நாளுக்கு நாள் வெளுக்கும், பெனடிக்ட் நிறம் ஏறும். மட்டி வாழைப்பழத்தில் செய்வதானால் ஒரு கிராம் சதைக்கு 10 மில்லி தண்ணீர் விட்டு வடிகட்டுங்கள். நீர்க்காமல் செய்தால் எல்லாக் குழாயும் ஒரே செங்கல் நிறமாகி, ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

அக்கானியும் கருப்பட்டியும்

பெனடிக்ட் கரைசல் இனிப்பைத் தேடுவதில்லை. சர்க்கரை வளையம் திறந்து வெளிப்படும் ஆல்டிஹைடு முனையைத் தேடுகிறது. கீட்டோஸ் வகையான ஃப்ரக்டோஸும் காரத்தில் அப்படி மாறிக் கணக்கில் வந்துவிடும். சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் முனையோடு முனையாகப் பூட்டிக்கொண்டிருப்பதால் திறந்த முனையே இல்லை. நாவுக்கு எவ்வளவு தித்தித்தாலும் கரைசல் நீலமாகவே இருக்கும்.

அக்கானி, அதாவது பதநீர், இதற்கு அருமையான பொருள். 100 மில்லியில் ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் சுக்ரோஸ் இருக்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அன்று காலை இறக்கியதை வாங்கி, அடியில் படிந்த சுண்ணாம்பு வராமல் தெளிவை எடுங்கள். ஐந்து மடங்கு தண்ணீர் சேருங்கள். முதல் குழாயில் 2 மில்லி அக்கானியும் 2 மில்லி பெனடிக்டும் ஊற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வையுங்கள்: நீலம், அல்லது வெறும் பச்சை. இரண்டாவது குழாயில் 5 மில்லி அக்கானியோடு 1 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறவைத்து, சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரை பொங்குவது முழுக்க நின்ற பிறகுதான் அதிலிருந்து 2 மில்லி எடுத்து பெனடிக்ட் சேர்க்க வேண்டும். செங்கல் நிறம் வரும். அமிலம் பூட்டை உடைத்துவிட்டது.

இங்கே மாணவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: சோடா போட மறப்பது, அல்லது நுரை அடங்கும் முன் நிறுத்துவது. அமிலம் மிஞ்சினால் பெனடிக்டின் காரம் போய்விடும், குளுக்கோஸ் எவ்வளவு இருந்தாலும் சிவப்பு வராது. சோடாவை அள்ளிக் கொட்டினாலோ பாதி அக்கானி குழாயைவிட்டு வெளியே போகும்.

சுண்ணாம்பு தடவாத அக்கானியை மதியம்வரை வைத்து, அமிலம் சேர்க்காமலே சோதித்தால் மஞ்சளோ ஆரஞ்சோ வரும். ஈஸ்ட்டின் இன்வெர்டேஸ் நொதி அதற்குள் சுக்ரோஸை வெட்டத் தொடங்கியிருக்கும். அதே பாதையில் போனால் கள். சுண்ணாம்பின் காரம் அந்த நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. கருப்பட்டி காய்ச்சுபவர்களுக்கு இது பிழைப்பு சார்ந்த விஷயம்: சுக்ரோஸ் வெட்டுப்பட்டுவிட்டால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் படிகமாவதைக் கெடுக்கும். பாகு எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் ஊற்றிய பிறகு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

கொல்லாம்பழத்திலும் (முந்திரிப்பழம்) நெல்லிக்காயிலும் பெனடிக்ட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: வைட்டமின் சி தானே காப்பரை ஒடுக்கும், சர்க்கரை இல்லாமலே நிறம் வரும். சூடேற்றும் முன்பே நிறம் மாறத் தொடங்கினால் வைட்டமின் சி மீது சந்தேகப்படுங்கள். அதே பழச்சாறு அயோடினையும் நிறமிழக்கச் செய்யும்.

புரதம்

பையூரெட் சோதனைக்கு வேண்டியவை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, 1 சதவீத காப்பர் சல்பேட். ஹைட்ராக்சைடு செதில்களைத் தண்ணீரில் போட வேண்டும், அவற்றின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, பயங்கரமாகச் சுடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். முட்டை வெள்ளைக்கருவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்கி வடிகட்டி, 2 மில்லி எடுத்து 2 மில்லி ஹைட்ராக்சைடு சேர்த்து, பிறகு காப்பர் சல்பேட்டை மூன்றே சொட்டு விட்டு அசையுங்கள். சூடாக்கத் தேவையில்லை. சில நிமிடத்தில் ஊதா வரும்.

அந்த ஊதா, அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பின் நைட்ரஜன்களோடு காப்பர் சேர்ந்து தரும் நிறம். குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பாவது வேண்டும். தனி அமினோ அமிலம் ஊதா தராது. காப்பர் சல்பேட்டைச் சொட்டாக விடாமல் ஊற்றிவிடுவதுதான் வழக்கமான பிழை. மிஞ்சிய காப்பர் நீல வீழ்படிவாகி ஊதாவை மூடிவிடும். பயறு, கடலைமாவு, நெத்திலி எல்லாவற்றிலும் செய்யலாம். அரைத்துத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த தெளிவில்தான் செய்ய வேண்டும்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் உள்ளவர்களுக்கு ரப்பர் பால் கிடைக்கும். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்க, எல்லாம் எதிர்மின் ஏற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. 10 மில்லி பாலில் 10 மில்லி தண்ணீர் கலந்து வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பி.எச். 5-க்குப் பக்கம் இறங்கும்போது ஏற்றம் தணிந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஷீட் அடிக்கப் பாலில் ஃபார்மிக் அமிலம் விடுவதும் இதற்குத்தான். பசும்பாலில் கேசின் என்ற புரதம் பி.எச். 4.6-இல் இதே காரணத்தால் திரிகிறது. கட்டியை எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரில் பையூரெட் செய்து பாருங்கள். பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்திருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அம்மோனியாவும் காப்பரும் சேர்ந்து அடர்நீலம் தரும். புரதம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

கொழுப்பு

காகிதத்தில் தேய்த்து, இருபது நிமிடம் உலரவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே போதுமான சோதனை. தண்ணீர்ப் பொட்டு மறையும், எண்ணெய்ப் பொட்டு கண்ணாடியாக நிற்கும்.

உருக்கெண்ணெய் காய்ச்சுவதைக் கவனித்தால் அதைவிட அதிகம் புரியும். இரண்டு தேங்காயைத் துருவி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்தால் வருவது எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பல். பிரியாமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் புரதம் திரிந்து வெள்ளைத் துணுக்காகும். எண்ணெய் பிரியத் தொடங்கும். சலசலவென்று சத்தம் இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. சத்தம் அடங்கி, கசடு பொன்னிறமானதும் உடனே இறக்கி வடியுங்கள். தீ கூடினால் கசடு கருகி எண்ணெயில் வாடை ஏறும். அவசரப்பட்டு இறக்கினால் மிச்சத் தண்ணீர் கிளிசராலுக்கும் கொழுப்பு அமிலத்துக்கும் நடுவிலுள்ள எஸ்டர் பிணைப்பை நாளாவட்டத்தில் வெட்டும். பிரிந்த லாரிக் அமிலம் சோப்பு வாடை தரும். எண்ணெய் காறிப்போனது என்கிறோம்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பு இல்லாதவை, பாதியளவு லாரிக் மட்டுமே. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் 24, 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். நல்லெண்ணெயையும் அதையும் இரண்டு குழாயில் ஊற்றி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். இரட்டைப் பிணைப்பால் வளைந்த சங்கிலிகள் உள்ள நல்லெண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும்.

டி.என்.ஏ.

பாடநூல்கள் வாழைப்பழத்தைச் சொல்லும். எங்கள் பரிந்துரை உள்ளி (வெங்காயம்). வாழைப்பழத்தில் பெக்டின் என்ற கூழ்ப்பொருள் நிறைய இருக்கிறது. அதுவும் ஆல்கஹாலில் வழவழவென்று திரண்டு வரும், பிள்ளைகள் அதையே டி.என்.ஏ. என்று நம்பிவிடுவார்கள்.

100 கிராம் உள்ளியைப் பொடியாக நறுக்குங்கள். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் உப்பும், பாத்திரம் கழுவும் திரவம் 10 மில்லியும் நுரைக்காமல் கலந்து அதில் போடுங்கள். 60 டிகிரி வெந்நீரில் பதினைந்து நிமிடம், பிறகு ஐஸில் ஐந்து நிமிடம். சோப்பு செல்சவ்வின் கொழுப்பைக் கரைக்கும். சூடு டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளை மட்டுப்படுத்தும். அதையும் தாண்டிச் சுட்டால் இழைகளே துண்டாகும். மிக்சியில் ஐந்து நொடி மட்டும் அடித்து வடிகட்டி, 5 மில்லி தெளிவில் புது அன்னாசிச் சாறு மூன்று சொட்டு விடுங்கள். அதன் புரோமெலைன் நொதி டி.என்.ஏ.வைச் சுற்றியுள்ள புரதத்தை வெட்டும். டின்னில் அடைத்த சாறு சூடுபட்டது, உதவாது.

குளிர்ந்த 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் 10 மில்லியைக் குழாயைச் சாய்த்து, சுவரோடு வழியவிடுங்கள். மேலே தனிப்படலமாக நிற்க வேண்டும். டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின் ஏற்றம். தண்ணீரில் அது கரைந்திருக்கும். ஆல்கஹால் அடுக்கில் உப்பின் சோடியம் பாஸ்பேட்டோடு இறுகச் சேர்ந்துவிட, டி.என்.ஏ. கரைய முடியாமல் வெளியே வருகிறது. ஐந்து நிமிடத்தில் இரண்டு அடுக்குக்கு நடுவே வெண்ணிழைகள் மேலே எழும். ஈர்க்குச்சியை ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றினால் நூல் போலச் சுற்றிக்கொள்ளும். சுற்றாமல் கூழாக வழுக்கினால் அது பெக்டின். ஒன்றுமே வராவிட்டால் முதலில் ஆல்கஹால் பாட்டிலைப் பாருங்கள்: கை துடைக்கும் 70 சதவீதத் திரவத்தில் தண்ணீர் அதிகம், இழை சரியாகத் திரளாது. சுற்றி வந்ததில் ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1869-இல் ஃபிரடெரிக் மீஷர் சீழ்த் துணியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இப்படிக் கலப்போடு வந்த பொருள்தான்.

காப்பர் கலந்த குழாய்களைக் கிணற்றடியிலோ குளத்தங்கரையிலோ கழுவாதீர்கள். மீனுக்கும் பாசிக்கும் காப்பர் நஞ்சு. எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் சேர்த்துப் பள்ளி ஆய்வகக் கழிவோடு ஒப்படையுங்கள். டைல்ஸிலும் விரலிலும் நிற்கும் அயோடின் கறைக்கு, ஒரு வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்த தண்ணீரால் துடைத்தால் போதும். அயோடின் நிறமற்ற அயோடைடாகிப் போய்விடும்.